இருபத்தாறு கூட்டம் ஓணச் சத்யா பார்சல்: எது தேறியது, எது தேறவில்லை, ஏன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், ஓணம் நெருங்கும்போது சத்யா (வாழையிலை விருந்து) பார்சல் கட்டிக் கொடுக்கும் சமையல் குழுக்கள் நிறைய. கல்யாணச் சமையலுக்குப் போகும் அதே ஆட்கள்தான். ஆவணி பிறந்ததும் பட்டியலை வாட்ஸ்அப்பில் விட்டுவிடுவார்கள்; பட்டியலும் அநேகமாக ஒன்றுபோலத்தான் இருக்கும். அதில் ஒரு குழுவின் 26 கூட்டம் (வகை) பார்சலை 2025 திருவோணத்தன்று, செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை, வாங்கி எடை போட்டு, சூடு பார்த்து, இலையில் முறைப்படி பரிமாறிச் சாப்பிட்டு எழுதும் மதிப்பீடு இது. ஐந்து பேருக்கு 2,250 ரூபாய். குழுவின் பெயரைப் போடவில்லை. இந்தப் பட்டியலோடு பார்சல் கட்டும் யாருக்கும் இதே நிறைகுறை வரும் என்பதால், அடுத்த ஓணத்துக்கு யாரிடம் சொல்லி வைத்தாலும் இது உதவும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இஞ்சிக்கறி, எரிசேரி, அடைப் பிரதமன், போளி நான்கும் முதல் தரம். பருப்பு, சாம்பார், புளிசேரி (மோர்க்குழம்பு போன்றது), துவரன் (தேங்காய்ப் பொரியல்) நன்று. அவியல் பாதி கெட்டது, ஓலன் முழுக்கக் கெட்டது, பப்படம் தொட்டதும் துவண்டது. சமைத்தவரின் கைப்பக்குவத்தில் பெரிய குறை இல்லை. உப்பு, புளி, காரம் எதுவும் எங்கும் பிசகவில்லை. கெட்டதெல்லாம் நேரத்தால் கெட்டது.

நேரக் கணக்கைப் பாருங்கள். டப்பாக்களை மூடியது காலை ஆறரை மணிவாக்கில் என்று கொண்டுவந்த பையன் சொன்னான். பார்சல் வந்தது 9.40க்கு. இலை போட்டது 12.45க்கு. ஆறு மணி நேரத்துக்கும் மேல். சத்யா என்பது பந்திக்கான சமையல். அடுப்பிலிருந்து இறங்கிய அவியல் அரை மணிக்குள் இலைக்கு வரும் என்ற கணக்கில்தான் அதன் தயிரும் பச்சைத் தேங்காய் எண்ணெயும் சேர்க்கப்படுகின்றன. அதையே கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மூடினால், ஆவி மூடியில் முட்டி நீராகிக் கறிமேல் சொட்டும். மேலே நீர்த்துப்போகும், நடுவில் சூடு ஆறாமல் கிடக்கும். வந்து இறங்கியபோது அவியலின் நடுச்சூடு 46 டிகிரி. 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய தேங்காய்க் கறியில் கிருமி பெருகத் தொடங்கிவிடும். 35க்கும் 50க்கும் இடையில் மணிக்கணக்கில் நின்றால் புளிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

கேரளத்துப் பண்டிகைக்கு இங்கே ஏன் இவ்வளவு பாடு என்று மதுரை, சென்னைப் பக்கத்து உறவுக்காரர்கள் கேட்பதுண்டு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம், அதற்கும் முன் திருவிதாங்கூர் நாடு. அந்த நாட்டின் தலைநகரமே ஒரு காலம் இங்குள்ள பத்மநாபபுரம். அரண்மனை ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்கு இலை போடலாம். உப்பிலிட்டது வைத்த பெரிய சீன ஜாடிகளை இன்றும் அங்கே பார்க்கலாம். எல்லை மாறினாலும் நாக்கு மாறவில்லை. திருவோணத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அத்தம் தொடங்கிப் பத்து நாளும் தோவாளைச் சந்தைப் பூ வண்டி வண்டியாகக் கேரளத்துக்குப் போகிறது. இன்னும் பின்னால் போனால், மாயோனுக்குரிய ஓண நன்னாளைப் பாண்டியனின் மதுரையில் கொண்டாடியதை மதுரைக்காஞ்சி பாடுகிறது. அது இப்போது மகாபலி வந்து போகும் நாளாகக் கேரளத்தின் சொந்த விழா. அங்கே அரசு விழாவாகவே நடக்கிறது. சிங்ஙம் மலையாள ஆண்டின் முதல் மாதம், நமக்கு ஆவணி. அதற்கு முந்திய கர்க்கடகம் மழையும் பஞ்சமுமாகக் கழிந்து, விரிப்பு (முதல் போக) நெல் வீடு சேரும் காலம் என்பதால்தான் ‘காணம் விற்றும் ஓணம் உண்ணணும்’ (சொத்தை விற்றாவது ஓணம் உண்ண வேண்டும்) என்ற பழமொழி.

நாஞ்சில் நாட்டில் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு, அது இலையிலும் தெரியும். இங்கே நெல் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டு பூ (போகம்). கன்னிப்பூ, பெயரிலேயே இருப்பதுபோல், கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டித்தான் அறுப்புக்கு வரும். ஓணத்தின்போது பெரும்பாலான வயலில் கதிர் முற்றிக்கொண்டுதான் நிற்கும். அப்போது கைநிறையக் கிடைப்பது விளையில் (மேட்டுத் தோட்டத்தில்) விளைந்தது: ஏத்தங்காய் (நேந்திரங்காய்), சேனை, தடியங்காய் (வெண்பூசணி), வெள்ளரிக்காய், மத்தங்காய் (பரங்கிக்காய்), பயத்தங்காய், இஞ்சி, தேங்காய். சத்யாவில் வெங்காயமும் தக்காளியும் மிகக் குறைவாக, பல கறிகளில் இல்லவே இல்லாமல் இருப்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும். எந்தச் சத்யாவையும் எடைபோட நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: விளைக் காய்களும் தேங்காயும் எப்படி நடத்தப்பட்டிருக்கின்றன?

அவியலிலிருந்து தொடங்கலாம். ஐந்து பேருக்கு 580 கிராம் வைத்திருந்தார்கள். ஒருவருக்கு இரண்டு கரண்டி வரும், போதும். வெட்டு மிக அழகு. எல்லாக் காயும் இரண்டங்குல நீளம், சுண்டுவிரல் கனம். சேனையும் ஏத்தங்காயும் முதலில் போட்டுப் பாதி வெந்தபிறகு முருங்கை, பயத்தங்காய், கடைசியில் தடியங்காய், வெள்ளரி என்ற வரிசையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். வெள்ளரி குழையவில்லை, சேனை நறுக்கென்று நிற்கவில்லை. தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் அரையாமல் சதைத்த பதத்தில் இருந்தன. அவியலுக்கு அரைப்பு வழவழவென்று போனால் கூட்டாகிவிடும். இவ்வளவு சரியாகச் செய்துவிட்டுப் புளிப்புக்குத் தயிர் ஊற்றியிருக்கிறார்கள். அங்கேதான் விழுந்தது. அடுப்பை அணைத்தபின் சேர்க்க வேண்டிய தயிர் அது. சூடான பாத்திரத்திலிருந்து நேராக டப்பாவுக்குப் போனதால் உள்ளே திரிந்து நீர் விட்டிருந்தது. அடியில் கால் டம்ளர் தண்ணீர், புளித்த வாடை. பார்சலுக்குச் செய்யும் அவியலில் தயிர் கூடாது. தெற்கத்தி வழக்கத்தில் மாங்காய் போட்ட அவியலும் உண்டு, புளி கரைத்து ஊற்றிய அவியலும் உண்டு. ஒரு கிலோ காய்க்கு நடுத்தரப் புளிப்பு மாங்காய் ஒன்று போதும். திரிவதற்கு எதுவும் இல்லாததால் நான்கு மணி நேரம் தாங்கும். சொல்லி வைக்கும்போதே ‘அவியலுக்கு மாங்காய் போடுங்க அண்ணாச்சி’ என்று கேட்டுவிட வேண்டும். நல்ல சமையல்காரர் மறுக்கமாட்டார்.

ஓலன் இன்னும் பாவம். தடியங்காய், பெரும்பயறு (தட்டைப்பயறு), கீறிய பச்சைமிளகாய், தேங்காய்ப் பால், தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலை. இவ்வளவுதான் ஓலன். மஞ்சள்பொடிகூடக் கிடையாது, வெள்ளையாகவே இருக்க வேண்டும். காய் வேக இரண்டாம் பால். முதல் பால் இறக்கியபின். அந்த முதல் பாலைக் கொதிக்கவிட்டாலோ, இறக்கியதும் சூட்டோடு மூடினாலோ கொழுப்பு தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிந்துவிடும். வந்ததும் அப்படித்தான்: மேலே எண்ணெய்ப் படலம், கீழே கலங்கிய நீர், நடுவில் நல்ல பதத்தில் வெந்த பெரும்பயறு. இதைத் திரும்பச் சூடாக்கினால் இன்னும் மோசமாகும். ஓலனைப் பார்சலில் கேட்காதீர்கள். இத்தனை காய்க்கறி உள்ள பட்டியலில் அது இல்லாவிட்டால் இலை குறைந்துபோகாது. வேண்டுமென்றால் வீட்டிலேயே கால் மணியில் செய்துவிடலாம். அரைக் கிலோ தடியங்காய், முந்தின இரவு ஊறவைத்து வேகவைத்த 50 கிராம் பெரும்பயறு, ஒரு தேங்காய், ஐந்து பச்சைமிளகாய்.

எரிசேரி அதே தேங்காய், அதே ஆறு மணி நேரம். ஆனால் நிமிர்ந்து நின்றது. காரணம், தேங்காயில் பாதியை வறுத்துச் சேர்ப்பது. மத்தங்காயும் பெரும்பயறும் குழைய வெந்து, சீரகத்தோடு அரைத்த தேங்காய் சேர்ந்து கெட்டியானபின், துருவிய தேங்காயைத் தேங்காய் எண்ணெயில் கடுகு, வற்றல்மிளகாய், கறிவேப்பிலையோடு சிவக்க வறுத்துக் கொட்டுவார்கள். வறுக்கும்போது தேங்காயின் ஈரம் போய்விடுகிறது. அரைக் கிலோ மத்தங்காய்க்கு ஒரு மூடித் தேங்காய் அரைக்க, ஒரு மூடி வறுக்க என்பது நல்ல கணக்கு. பல இடங்களில் வறுக்கும் பங்கைக் கால் மூடியாகச் சுருக்கிவிடுகிறார்கள். இந்தக் குழு சுருக்கவில்லை. வறுத்த நிறமும் சரி, நல்ல செங்கல் நிறம். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டால் கசப்பு ஏறும், அதற்கு முன்னே இறக்கினால் சவசவவென்று இருக்கும். தீயை மூன்றில் ஒரு பங்கில் வைத்துக் கைவிடாமல் கிளறினால்தான் இந்த நிறம் சீராக வரும். ஒரு யோசனை: வறுத்த தேங்காயைத் தனிப் பொட்டலமாகக் கொடுத்துச் சாப்பிடும்போது கலக்கச் சொன்னால் அந்த மொறுமொறுப்பும் கிடைக்கும்.

கூட்டுக்கறியும் இருந்தது. கறுப்புக் கொண்டைக்கடலை, சேனை, வறுத்த தேங்காய், லேசான இனிப்பு. ருசியில் பழுதில்லை. எரிசேரிக்கு அடுத்து வைத்தால் இரண்டும் ஒரே வாசம், ஒரே வறுத்த தேங்காய். தெற்குத் திருவிதாங்கூர் இலையில் இரண்டும் வர வேண்டிய தேவை இல்லை. 26 என்ற எண்ணை எட்டுவதற்காக வடக்கத்திப் பட்டியலிலிருந்து எடுத்துச் சேர்த்ததுபோலத் தெரிகிறது. அந்த எண்ணில் சோறு, நெய், பப்படம், பழம் எல்லாம் அடக்கம் என்பதையும் வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிச்சடி இரண்டு, பச்சடி ஒன்று. இங்கே கிச்சடி என்றால் ரவைக் கிச்சடி என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். வெள்ளரிக்காயையோ பீட்ரூட்டையோ வேகவைத்து, தேங்காய் அரைப்பும் தயிரும் சேர்த்து, கடைசியில் பச்சைக் கடுகைச் சதைத்துப் போடுவது. இனிப்பானால் அதன் பெயர் பச்சடி. இதில் அன்னாசிப் பச்சடி. கடுகை அம்மியில் ஒரு நசுக்கு நசுக்கினால் போதும். மிக்ஸியில் மைய அரைத்தால் கசக்கும், ஒரு மணி நேரம் போனால் இன்னும் கசக்கும். வெள்ளரிக்காய்க் கிச்சடியில் அந்தக் கசப்பு லேசாக இருந்தது, பீட்ரூட்டில் இனிப்பு அதை மறைத்துவிட்டது. அன்னாசிப் பச்சடியில் காயைச் சின்னதாக நறுக்கி மஞ்சளும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு வேகவைத்திருந்தார்கள். குழந்தைகள் முதலில் காலி செய்தது அதைத்தான். (சர்க்கரை என்றால் இந்தப் பக்கத்தில் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. சமையல்காரரிடம் பேசும்போது இந்த இரண்டையும் குழப்பினால் பாயசமே மாறிப்போகும்.)

இஞ்சிக்கறிக்குத் தனிப் பாராட்டு. ஐந்து பேருக்கு 120 கிராம், ஒரு சின்ன டப்பா. இலையின் இடது ஓரத்தில் ஒரு துளிதான் வைப்பது. ஆனாலும் சமையல்காரரின் பொறுமையை அளக்க இதைவிட நல்ல கறி கிடையாது. இஞ்சியை மெல்லிய வட்டமாக நறுக்கி, எண்ணெயில் முறுமுறுவென்று பழுப்பாகும்வரை வறுத்துப் பொடிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பாதி வறுவலில் எடுத்தால் தொண்டையில் பச்சை இஞ்சியின் எரிச்சல் நிற்கும். கால் கிலோ இஞ்சிக்கு ஒரு பெரிய எலுமிச்சை அளவு புளி, 50 முதல் 75 கிராம் சர்க்கரை, மிளகாய்ப்பொடி, சிறிது வெந்தயப்பொடி. புளித்தண்ணீர் சுண்டி எண்ணெய் பிரிந்து நிற்கும்வரை கொதிக்க வேண்டும். அப்படிச் சுண்டியது இரண்டு வாரம் கெடாது. இந்த டப்பாவில் மிச்சம் வந்ததை ஒன்பதாவது நாள் மோர்ச்சோற்றுக்குத் தொட்டபோதும் வாசம் அப்படியே இருந்தது.

உப்பேரி தேறியது. ஏத்தங்காய் சிப்ஸ் தேங்காய் எண்ணெயில் பொரித்தது, காறல் வாடை இல்லை. சர்க்கரை வரட்டிதான் சற்று ஏமாற்றம். அதைச் சோதிக்க எளிய வழி, பொட்டலத்தைக் காதருகே வைத்துக் குலுக்குவது. கலகலவென்று சத்தம் வர வேண்டும். இது பொத்துப் பொத்தென்று விழுந்தது. துண்டு கனமாக வெட்டப்பட்டு, உள்ளே ஈரம் முழுதாகப் போகுமுன் எண்ணெயிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கால் அங்குலத்துக்கு மேல் கனம் போகக் கூடாது. இளந்தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம் பொரிய வேண்டும். பாகு இரட்டைக் கம்பிப் பதம் வந்தபின்தான் துண்டைக் கொட்ட வேண்டும். இளம்பாகில் போட்டால் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தோல் உரித்த ஒரு கிலோ காய்க்கு 300 கிராம் சர்க்கரை, ஒரு ஸ்பூன் சுக்குப்பொடி, அரை ஸ்பூன் சீரகப்பொடி, பிரித்துவிட ஒரு கை பொடித்த சீனி. சுக்கு மட்டும் தாராளமாகப் போட்டிருந்தார்கள், அது நல்லது.

பருப்பு சிறுபயற்றம்பருப்பு, லேசாக வறுத்து வேகவைத்துத் தேங்காய் அரைப்பு சேர்த்தது. ஆறியதும் கட்டியாகிவிட்டது, அது குற்றமில்லை, பருப்பின் சுபாவம். அரை டம்ளர் கொதிநீர் விட்டுக் கிளறினால் திரும்பிவிடும். நெய் 50 மில்லி, ஐந்து பேருக்குப் போதும். சாம்பார், ரசம், மோர், மாங்காய், நாரங்காய் ஊறுகாய்கள் எல்லாம் குறையில்லாதவை. பயத்தங்காய்த் துவரனில் தேங்காய் உலர்ந்து உதிரியாக இருந்தது, அதனால் கெடவும் இல்லை. புளிசேரியை முதல் நுரை எழும்பியதும் இறக்கியிருக்கிறார்கள். நன்றாகப் புளித்த தயிரும், சீரகத்தோடு மைய அரைத்த தேங்காயும் சேர்ந்ததால் அந்தச் சூட்டிலும் திரியவில்லை.

சோறுதான் பெரிய குறை. வெள்ளைப் பொன்னி, ஒட்டிக்கொண்டு. ஓணச் சத்யாவுக்குச் சம்பா அரிசி வேண்டும், கேரளத்தில் மட்டை என்கிற அந்தச் சிவப்புப் புழுங்கலரிசி. அதன் பருமனான பருக்கை பருப்பையும் புளிசேரியையும் உறிஞ்சினாலும் குழையாது. வெள்ளரிசி பிரதமனுக்குப் பின் வரும் புளிசேரிக்கு நிற்காமல் களியாகிவிடும். அதோடு, ஆறு மணி நேரம் அடைத்துவைத்த சோறு யாருக்கும் வேண்டாம். சோற்றைப் பார்சலில் விட்டுவிட்டு விலையில் கழிக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோ சம்பா அரிசி வீட்டில் வடித்தால் ஆறேழு பேருக்கு வரும். வேக முக்கால் மணி நேரம் ஆகும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அடைப் பிரதமன். 800 மில்லி, ஒருவருக்கு 160. டப்பாவைத் திறந்ததும் வந்த வாசத்தில் நெய்யில் பொரிந்த தேங்காய்ப் பல், சுக்கு, ஏலம் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. கரண்டியில் எடுத்தால் அடை (அரிசிமாவுத் துண்டு) ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கடித்தால் நடுவில் மாவுக்கட்டி இல்லை. அரிசி அடைதான் போட்டிருக்கிறார்கள். மைதா கலந்த மலிவு அடை என்றால் இந்நேரம் பசையாகியிருக்கும். இதைச் சரியாகச் செய்வதில் ஒரே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது: சர்க்கரைப் பாகு பட்டபின் அடை மேற்கொண்டு வேகாது. ஆகவே 200 கிராம் அடையைக் கொதிநீரில் மூடி அரை மணி நேரத்துக்கு மேல் ஊறவைத்து, விரலில் நசுங்கும்வரை வேகவிட்டு, குளிர்ந்த நீரில் அலசிப் பசையை நீக்கியபின்தான் பாகில் போட வேண்டும். 400 கிராம் சர்க்கரையைக் கரைத்து வடிகட்டி, நெய்யில் அடையைப் புரட்டிப் பாகு சுண்டும்வரை வரட்டி, பிறகு மூன்றாம் பால், அது வற்றியபின் இரண்டாம் பால். இரண்டு பெரிய தேங்காய்க்கு இந்தக் கணக்கு. முதல் பால் அடுப்பை அணைத்தபின். ஓலனைக் கவிழ்த்த அதே முதல் பால் இங்கே ஏன் பிரியவில்லை என்றால், பாகின் கெட்டியும் அடையின் மாவும் கொழுப்பைப் பிடித்துக்கொள்கின்றன. ஆறினால் அடை பாலைக் குடித்து இறுகும். கொஞ்சம் சூடான பால் விட்டு, பாத்திரத்தைக் கொதிநீருக்குள் வைத்துச் சூடாக்குங்கள், நேரடித் தீயில் வைக்க வேண்டாம்.

போளியும் பால் பாயசமும் திருவனந்தபுரத்திலும் அதற்குத் தெற்கேயும் உள்ள இலையின் அடையாளம். மஞ்சள் போளியை இலையில் விரித்து அதன்மேல் பால் பாயசத்தை ஊற்றி, பிய்த்துப் பிசைந்து சாப்பிடுவது. வடக்கே இந்தச் சேர்க்கையைக் காண்பது அரிது. பட்டியலில் இதைக் கைவிடாமல் வைத்ததற்கே இந்தக் குழுவைப் பாராட்ட வேண்டும். ஐந்து பேருக்கு எட்டுப் போளி கொடுத்திருந்தார்கள். கைக்குட்டைபோல் மடிந்தது, ஓரத்தில்கூடப் பூரணம் இருந்தது. கடலைப்பருப்பை மலர வேகவைத்து, கரையவிடாமல் நீரைச் சொட்டுச் சொட்டாக வடித்துவிட்டுச் சீனியோடு அரைத்தால்தான் இப்படி வரும். நீர் நின்றால் தேய்க்கும்போது கிழியும். மாவு மஞ்சளும் நல்லெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறியிருக்க வேண்டும். இழுத்தால் ரப்பர்போல வராதது அதற்குச் சாட்சி. பால் பாயசம் 500 மில்லி. நிறம் வெளுப்பு, அதனால் கொஞ்சம் அவசரச் சமையல். ஒரு லிட்டர் பாலுக்கு 75 கிராம் அரிசி, 150 முதல் 200 கிராம் சீனி வைத்து இளந்தீயில் ஒன்றரை மணி நேரமாவது குறுகினால்தான் அந்த இளஞ்சிவப்பு வரும். இது அப்படிக் குறுகவில்லை; போளியின் இனிப்பு காப்பாற்றியது.

பழம் மட்டி. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டியேதான். சின்னதாக, மெல்லிய தோலோடு, வாசமாக. பிரதமனில் ஒரு மட்டியும் ஒரு பப்படமும் நொறுக்கிப் பிசைந்து உண்பது இந்த ஊரின் வழக்கம். அதனால்தான் துவண்ட பப்படத்தின் மேல் அவ்வளவு வருத்தம். பொரித்த பப்படத்தைச் சூடான சோற்றுப் பையோடு ஒரே பெட்டியில் வைத்தால் வேறு என்ன ஆகும்?

இலை தும்பிலை (நுனி இலை), ஐந்தும் கிழியாதவை. மடித்துக் கட்டி வந்த இலை நடுநரம்பில் வெடிக்கும். அடுப்பின் மேல் ஒரு கணம் காட்டி வாட்டிவிட்டால் படியும். தும்பு சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் வர வேண்டும். இடப்பக்கத்திலிருந்து உப்பேரி, வரட்டி, இஞ்சி, மாங்காய், நாரங்காய், கிச்சடி, பச்சடி, துவரன், எரிசேரி, அவியல் என்று வைத்துக்கொண்டு போகலாம். சோறு போட்டதும் பருப்பும் நெய்யும் பப்படமும். பிறகு சாம்பார். அடுத்து பிரதமன், அதன்பின் போளியும் பால் பாயசமும். இனிப்புத் திகட்டினால் நாரங்காயை நாக்கில் வைத்துக்கொள்வார்கள். மறுபடி சோறு வாங்கிப் புளிசேரி, ரசம், மோர். நாகர்கோவில் பக்கம் புளிசேரியைப் பாயசத்துக்கு முன்னாலேயே விடும் வீடுகளும் உண்டு. பார்சல் பெட்டியில் இந்த வரிசையை அச்சடித்த ஒரு துண்டுத் தாள் இருந்தது. அதில் போளியைப் பலகாரம் என்று உப்பேரியோடு சேர்த்துவிட்டார்கள். அதை நம்பினால் போளி முதலிலேயே தீர்ந்துபோகும்.

விலைக்குத் தகுமா? சோற்றையும் ஓலனையும் கூட்டுக்கறியையும் எடுத்துவிட்டு, அவியலுக்கு மாங்காய் போட்டு, 22 அல்லது 23 கூட்டத்தோடு, டப்பாவை மூடும் நேரத்தை ஒன்பது மணிக்குத் தள்ளிக் கொடுத்தால் 2,250 தாராளமாகத் தகும். இப்போதிருக்கும் நிலையில் ஐந்துக்கு மூன்றரை. பாயசமும் போளியும் இஞ்சிக்கறியும் மட்டும் தனியாகக் கொடுப்பார்கள் என்றால் அதற்கு ஐந்துக்கு ஐந்து.

2026இல் திருவோணம் ஆகஸ்ட் 26, புதன்கிழமை. அத்தம் பிறக்கும் முன்னே சொல்லி வைத்தால்தான் கேட்டபடி மாற்றித் தருவார்கள். முந்தின நாள் உத்திராடத்தன்று கேட்டால் கட்டிவைத்ததுதான் கிடைக்கும். கேட்க வேண்டியவை நான்கு. டப்பாவை எத்தனை மணிக்கு மூடுவீர்கள்? அவியலுக்குத் தயிரா, மாங்காயா? அடை அரிசி அடைதானா? தேங்காய்க் கறிகளை ஆறவைத்து மூடுவீர்களா, சூட்டோடா? பார்சல் வந்ததும் எல்லா மூடியையும் திறந்து வையுங்கள். அவியல், புளிசேரி டப்பாக்களை இட்லிப் பாத்திர ஆவியில் ஐந்து நிமிடம் காட்டினால் போதும். பருப்பும் சாம்பாரும் ரசமும் கொதித்தாலும் பரவாயில்லை. கிச்சடியைச் சூடாக்கவே வேண்டாம். பப்படத்தைப் பச்சையாகவே வாங்கி, இலை போட்டபிறகு பொரியுங்கள்.